ஆரன் ரோஜர்ஸுக்கு ஏன் ஒரே ஒரு கோப்பை?

ஆரன் ரோஜர்ஸ் அளவுக்கு அழகாகப் பந்தெறிந்த குவாட்டர்பேக்கை (அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வாங்கித் தன் ஆட்களுக்கு எறிகிறவர்) நான் பார்த்ததில்லை. அவர்மேல் வருகிற எரிச்சல் வேறு எந்த ஆட்டக்காரர்மேலும் வந்ததுமில்லை.

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவளுக்கு, திங்கள் விடியற்காலையில் அமெரிக்கக் கால்பந்து பார்ப்பது பெரிய தியாகமில்லை. பேச்சுத்துணைதான் கிடைக்காது. எங்கள் பிரிவில் ஒரு தம்பி இருக்கிறான், அவன் ரோஜர்ஸ் பக்தன். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை எங்கள் சண்டை ஓடும்.

முதலில் அவர் கெட்டிக்காரத்தனம். பந்து கைக்கு வருமுன் குவாட்டர்பேக் குரல் கொடுப்பார் அல்லவா? ரோஜர்ஸ் அந்தக் குரலைத் திடீரென்று ஒரு வெட்டு வெட்டுவார். எதிரணியில் எவனாவது ஆட்டம் தொடங்கிவிட்டது என்று ஏமாந்து கோட்டைத் தாண்டுவான், நடுவரின் கொடி விழும். ரோஜர்ஸ் அதற்குள் பந்தை வாங்கி நீளமாக எறிந்திருப்பார். நம் ஆள் பிடித்தால் லாபம். எதிரி பிடித்தாலும் நஷ்டமில்லை, அபராதத்தை ஏற்றுக்கொண்டால் அந்த எறி கணக்கிலேயே வராது. எதிரணி ஆள் மாற்றும்போது, வெளியே போகிறவன் எல்லையைத் தாண்டுமுன் பந்தை வாங்கி, களத்தில் 11 பேருக்குப் பதில் 12 பேர் என்று மாட்டிவிடுவதும் உண்டு. இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பந்தைத் தொலைக்கவும் மாட்டார். 2018இல் 597 எறிகளில் எதிரி கையில் சிக்கியவை இரண்டே இரண்டு. சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது நான்கு முறை: 2011, 2014, 2020, 2021. சூப்பர் பவுல் என்கிற சாம்பியன் கோப்பை மட்டும் ஒன்றுதான். எல்லாம் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் ஆடியபோது.

"நம்ம சோங் வெய் மாதிரிதான் அக்கா, ராசி இல்லை" என்பான் தம்பி. நான் ஒத்துக்கொள்வதில்லை. நம் பேட்மின்டன் வீரர் லீ சோங் வெய் மூன்று ஒலிம்பிக்கில் இறுதிவரை போய், இரண்டு முறை லின் டானிடமும் ஒரு முறை சென் லோங்கிடமும் தோற்றார். அன்றைக்கு எதிரே நின்றவர் ஒரு பிடி மேல், அவ்வளவுதான். ரோஜர்ஸ் விஷயம் அப்படியில்லை.

சில தோல்விகளை அவர் தலையில் கட்ட முடியாது என்பதும் சரி. 2015 ஜனவரியில் சியாட்டிலில் 19-7 என்று முன்னிலையில் இருந்துவிட்டுத் தோற்றதில், கையில் விழ வேண்டிய ஓர் ஆன்சைட் கிக்கை (பந்தைத் தானே திரும்ப எடுக்க எதிரணி குறுக உதைப்பது) நழுவவிட்டது அவர் அணியின் இன்னொருவர்.

ஆனால் 2022 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுடன் நடந்த நாக்அவுட் ஆட்டம்? நமக்கு ஞாயிறு காலை. அம்மா சமையலறையிலிருந்து "மார்க்கெட்டுக்குப் போகலையா" என்று மூன்றாவது தடவை கேட்டுக்கொண்டிருந்தார். 10-10, சில நிமிடங்கள்தான் பாக்கி. ரோஜர்ஸ் தூரத்தில் ஓடிய டேவன்டே ஆடம்ஸுக்கு எறிந்தார். ஆடம்ஸைச் சுற்றி எதிரணி இரண்டு பேர். நடுவில் அதே அணியின் ஆலன் லசார்ட் தனியாக நிற்கிறார், டிவியில் எனக்கே தெரிகிறது. பந்து தரையில் விழுந்தது, 13-10 என்று ஆட்டமும் போனது.

தவறே கூடாது என்கிற ஆள், போகப்போக, தவறு செய்யவே மாட்டான் என்று தான் முடிவுகட்டிய ஒருவனுக்கு மட்டும் எறிய ஆரம்பித்துவிட்டார். என் குற்றச்சாட்டு இது ஒன்றுதான். தடுப்பூசி விவகாரம், பாட்காஸ்ட் பேச்சு எல்லாம் எனக்குப் பொருட்டில்லை.

அப்புறம் வயதாகிவிட்டது. 2023இல் நியூயார்க் ஜெட்ஸ் சட்டை போட்ட முதல் ஆட்டத்தில், நான்காவது ஆட்ட நகர்விலேயே குதிகால் தசைநார் அறுந்தது. 2025இல், 41 வயதில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். 2011 பிப்ரவரியில் 31-25 என்று தோற்கடித்து அந்த ஒரே கோப்பையை வாங்கியது இதே அணியிடமிருந்துதான்.

தம்பி எப்போதும் அந்த ஆட்டத்தைத்தான் சாட்சிக்கு இழுப்பான். நானும் அதையேதான் இழுக்கிறேன். அன்றைக்கு அவர் அணியின் ஜோர்டி நெல்சன் கைக்கு வந்த பந்துகள் சிலவற்றை நழுவவிட்டார். ரோஜர்ஸ் மறுபடியும் மறுபடியும் அவருக்கே எறிந்தார். நெல்சன் 9 பந்து பிடித்து 140 யார்டு சேர்த்தார்.