சவுண்ட் டெஸ்ட்ல மாட்டின யானை (இதுவரைக்கும் செஞ்சது)

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 எண்ட சண்டை கேம்ல தால்சிம் எண்ட ஆள்ட ஸ்டேஜ் பாட்டு எங்க போய்க் கிறுகித் திரும்ப முதலுக்கு வருது எண்டு போன மாசம்தான் முதல் தரம் கேட்டன். சின்ன வயசில இருந்து மண்டைக்குள்ள ஓடுற பாட்டுத்தான், ஆனா பாதிதான் ஓடும். விளையாடக்குள்ள அத முழுசாக் கேக்க ஏலாது, ஒவ்வொரு ரவுண்டுக்கும் பாட்டு முதல்ல இருந்து தொடங்கும், நேரம் 99ல இருந்து இறங்கினாலும் ஆரு 0 வரைக்கும் நிண்டு அடிபடுறது, இடையில ஒருத்தன்ட உசிர்க்கோடு குறைஞ்சா உடன அத விட்டுட்டு வேற கெதியான பாட்டுக்குத் தாவிரும். அந்த நாள்ல நான் நினைச்சது கரண்ட் கூடிட்டு, அதாலதான் டிவி வேகமா ஓடுது எண்டு.

எங்கட வீட்ட, மட்டக்களப்புக் கல்லடியில, இருந்தது மெகா ட்ரைவ் எண்ட டிவில குத்தி விளையாடுற கேம் பெட்டி. மாமா சவூதியால வரக்குள்ள கொண்டுவந்தது. நானும் மச்சானும் கரண்ட் இருக்கிற நேரம் பாத்துப் பாத்து விளையாடினது. தால்சிம் ஸ்டேஜ்ல பின்னால யானை நிக்கும், படுவான்கரைப் பக்கம் வயலுக்க வாற யானைய யானை வெடி கொளுத்திக் கலைக்கிற ஊர்ல அதுகள் சும்மா வரிசையா நிண்டு சண்டை பாக்குறது எங்களுக்குப் பெரிய சிரிப்பு.

இப்ப பழைய கம்ப்யூட்டர் ஒண்டுல, பழைய கேம் மெஷின் மாதிரியே வேலை செய்யிற மேம் எமுலேட்டரப் போட்டு, 1991ல வந்த ஆர்கேட் (காசு போட்டு விளையாடுற பெரிய மெஷின்) கேமை ஓட விட்டு, எஃப் 2வை அமத்தினா சர்வீஸ் மெனு வருது. மெஷின் திருத்துற ஆக்களுக்காக வச்சது. பட்டன் வேலை செய்யுதா, கலர் சரியா எண்டு பாக்குற இடத்துக்குள்ளதான் சவுண்ட் டெஸ்டும் கிடக்கு. பேரெல்லாம் இல்ல, வெறும் நம்பர்தான். நம்பர மாத்தி பட்டன அமத்தினா சத்தம் வரும். எந்த நம்பர்ல என்ன சத்தம் எண்டு கொப்பியில எழுதி, பாட்ட முழுசா ஃபைலா எடுக்கிறதுதான் இப்ப என்ட வேலை.

ஏன் நம்பர் மட்டும் எண்டு தேடிப் பாத்தன், அதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. கேமை நடத்துறது 68000 சிப், ஆனா அதுக்குப் பாட்டுப் போடத் தெரியாது. அது செய்யிறது பக்கத்துல இருக்கிற இசட் 80 எண்ட மற்றச் சிப்புக்கு ஒரு நம்பர் அனுப்புறது மட்டும்தான், மறுகா இசட் 80 தன்ட ரோம்ல (அழியாத மெமரியில) அந்த நம்பருக்கு என்ன இருக்கெண்டு பாத்து இசை போடுற யமஹா ஒய்எம்2151 சிப்புக்கும் பதிஞ்ச சத்தம் போடுற ஓகி சிப்புக்கும் வேலை குடுக்கும். சாப்பாட்டுக் கடையில முன்னால நிக்கிறவன் "ரெண்டு கொத்து" எண்டு குசினியப் பாத்துக் கத்துற மாதிரித்தான். சவுண்ட் டெஸ்ட்ல நாம முன்னால நிக்கிறவன விலத்திட்டு நேரா குசினியிட்டச் சொல்லுறம். அந்த நம்பர் எட்டு பிட், அப்ப ஆகக் கூடினா 256தான்.

முதல் நாள் ஸ்பீக்கருக்கு முன்னால ஃபோனை வச்சு ரெக்கோட் பண்ணினன். கூடாத யோசனை. வைகாசி மாசம், கிட்டடியில கண்ணகி அம்மன் சடங்கு, உடுக்கும் காவியமும் எல்லாப் பாட்டுக்குள்ளயும் வந்திட்டு. உண்மையச் சொன்னா தால்சிம் பாட்டுக்கு உடுக்கு நல்லாவே பொருந்தினது, அந்த ஃபைலை மட்டும் அழிக்கல்ல. அம்மா எட்டிப் பாத்து "என்ன மனே, கோயிலும் சண்டையும் ஒண்டாக் கிடக்கு" எண்டா.

ரெண்டாம் தரம் ஹெட்போன் ஓட்டைக்குள்ளால வயர் எடுத்து லேப்டொப்புக்குக் குடுத்தன், அதுல ஊஊ எண்டு ஒரே இரைச்சல். பிளக்ல எர்த் இல்ல, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள வருது. கூட்டாளி கேட்டுட்டு, கல்லடிப் பாலத்தடித் தண்ணிக்குள்ள பாடுதெண்டு சொல்லுற பாடும் மீன் வயருக்க பூந்திட்டு எண்டான். ஒரு கிழமை வயர மாத்தி மாத்திப் பாத்துக் கடைசியில மேமுக்குள்ளயே வேவ்ரைட் எண்டு ஒரு ஆப்ஷன் இருக்கிறது தெரிய வந்திச்சு, சத்தத்த நேரா ஃபைலா எழுதும், வயரே தேவையில்ல. ஒரு கிழமை போனது போனதுதான்.

இதுவரைக்கும் கொப்பியில 41 நம்பர் எழுதிட்டன். அந்தக் கெதியான பாட்டுகள் எல்லாம் தனித்தனி நம்பர்ல இருக்கு, அப்ப அதே பாட்டை வேகமா ஓட விடல்ல, வேறயா எழுதித்தான் போட்டிருக்காங்க. கனக்கப் பாட்டு யோகோ ஷிமோமுரா போட்டது, சாகாட் எண்ட ஆள்ட பாட்டு மட்டும் இசாவோ ஆபே. குரல் எல்லாம் ஓகி சிப்ல, செக்கனுக்கு 7,500 சாம்பிள் (சத்தத்த அளந்து எடுத்த துண்டு) அளவுதான், டெலிஃபோனே 8,000. அதாலதான் சக்திக் குண்டு விடக்குள்ள ஹடோகென் எண்டு கத்துறது தகரப் பேணிக்குள்ள கத்தின மாதிரி. யானை பிளிறுறதும் ஒரு நம்பர்ல மாட்டிச்சு, ராத்திரி பதினொண்டுக்கு ஹெட்போன் போடாம அமத்திட்டன், பக்கத்து வீட்டு நாய் விடியும்வரை குலைச்சது.

தால்சிம் பாட்டை முழுசா வெட்டி ஒட்டி, கட்டார்ல இருக்கிற மச்சானுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினன். ரெண்டு தரம் கேட்டிருக்கான், மறுகா வொய்ஸ் போட்டான்: "நல்லாத்தான் மச்சான் கிடக்கு, ஆனா இது நம்மட இல்லடா. நம்மடது கரகரக்கும்."

அவன் சொன்னது சரி. ஆர்கேட் சிப்ல எஃப்எம் சேனல் (ஒரே நேரத்துல தனித்தனியா வாசிக்கிற வழி) எட்டு, மெகா ட்ரைவ்ல ஆறுதான், அதுலயும் ஆறாவதைக் குரலுக்கு எடுத்தா மிச்சம் அஞ்சு. நாங்க கேட்டு வளந்தது அந்தக் குறைஞ்சத. பரண்ல மெகா ட்ரைவ் கிடக்கு, கசட்டும் கிடக்கு, அடாப்டர்தான் செத்துட்டு. ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போய் அடாப்டர் ஒண்டு தேடணும்.