மானிட்டரை இணைத்தால் கரையும் பேட்டரி

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், கம்பியின் மேல் மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கம் என்பதால், இன்வெர்ட்டரில் மானிட்டரையும் மோடத்தையும் மட்டும் ஓடவிட்டு, மடிக்கணினியை அதன் பேட்டரியிலேயே வைத்துக்கொள்வேன். தனியாக ஐந்து மணி நேரம் தாங்கும் பேட்டரி, மானிட்டரை இணைத்ததும் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகவே, புதியது வாங்க ஊட்டிக்குப் புறப்படவும் இருந்தேன்.

பழுது பேட்டரியில் இல்லை. திரையில் படம் வரைய தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள பல மடிக்கணினிகளில், மானிட்டர் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ போர்ட் அந்தக் கார்டுடனேயே நேரடியாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், மானிட்டரில் வெற்று எக்செல் தாள் ஒன்று மட்டும் திறந்திருந்தாலும், உறங்கிக்கிடக்க வேண்டிய கார்டு விழித்தபடியே மின்சாரத்தைக் குடிக்கிறது. பல் கிட்டும் குளிரிலும் விசிறி இரைந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எங்கள் பூனை கவனித்து, சூடான காற்று வரும் பக்கமாகப் படுத்துக்கொண்டது.

என் கணினியில் டைப்-சி போர்ட் பிராசசரோடு சேர்ந்த, மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் கிராபிக்ஸுக்குப் போகிறது. எல்லா மாடல்களிலும் அப்படி இருக்காது. கேபிளை அங்கே மாற்றி, மானிட்டர் படத்தைப் புதுப்பிக்கும் வேகத்தை 144 ஹெர்ட்ஸிலிருந்து (நொடிக்கு 144 முறை) 60க்குக் குறைத்த பிறகு, நேற்று நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கியது. பூனைக்குத்தான் வருத்தம்.