44 விரல் போர்டுக்கு ஜாமா அடாப்டர்: பாளையங்கோட்டை மேசைக் குறிப்புகள்

ஜூன் 7

மேசைக்கு வந்திருப்பது பேர் தெரியாத ஆர்கேட் போர்டு, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டியின் மூளை. ஓரத்தில் முலாம் பூசிய தொடுமுனைகள்தான் விரல்கள்: மேல்பக்கம் 22, அடிப்பக்கம் 22. நடுவில் ஸெட்80 பிராசஸர். 1985-இல் ஜாமா ஒழுங்கு (எந்தப் போர்டையும் எந்தப் பெட்டியிலும் மாட்ட வைக்கும் பொது விரல் வரிசை) வருவதற்கு முந்தைய ரகம். ஜாமாவில் பக்கத்துக்கு 28, மொத்தம் 56. விரல் இடைவெளி இரண்டிலும் 3.96 மில்லிமீட்டர்தான். அதனால் சாவித்தகடு (தப்பாகச் செருகாமல் தடுக்கும் தகடு) இல்லாத ஜாமா கனெக்டருக்குள் இது அழகாகப் போய் உட்காரும். ஆனால் விரல் வரிசை வேறு. உட்காருகிறதே என்று கரண்ட் கொடுத்தால் போர்டு காலி.

வேண்டிய சாமான்: 44 பின் எட்ஜ் கனெக்டர் ஒன்று, 56 விரல் ஃபிங்கர் போர்டு ஒன்று, பவருக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர், சிக்னலுக்கு 0.2, ஒரு 74எல்எஸ்86 (எக்ஸ்ஓஆர் கேட் ஐசி), ஒரு 7905 (மைனஸ் ஐந்து வோல்ட் ரெகுலேட்டர்), சில கெப்பாசிட்டர்கள். ஐசி எல்லாம் ஜங்ஷன் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. எட்ஜ் கனெக்டர் என்றால் "அதெல்லாம் இப்ப யாரு கேக்கா அண்ணாச்சி" என்ற பதில்தான். தபாலில்தான் வரவழைக்க வேண்டும்.

ஜூன் 8

தென்காசிப் பக்கம் பல வருஷம் சாரல் காற்று குடித்த போர்டு. விரல்களில் பச்சை பூத்திருக்கிறது. பென்சில் ரப்பரால் பைய தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விட்டால் அடுத்த சாரலுக்குள் மறுபடி பச்சைதான்.

ஜூன் 9

வரைபடம் இல்லை. இருந்தாலும் ஐசியைக் கேட்காமல் அதை நம்புவதில்லை. மல்டிமீட்டரை பீப்பில் (இரண்டு முனைக்கும் இணைப்பு இருந்தால் சத்தம் தரும்) வைத்து ஒவ்வொரு விரலாகத் தேடினோம்.

74 என்று தொடங்கும் லாஜிக் ஐசி வரிசையில் பொதுவாக 14 கால் ஐசிக்கு 7-வது கால் தரை (கிரவுண்ட்), 14-வது ஐந்து வோல்ட். 16 காலுக்கு 8-உம் 16-உம். 20 காலுக்கு 10-உம் 20-உம். ஸெட்80-இல் 29 தரை, 11 ஐந்து வோல்ட். இவ்வளவும் ஒத்துப்போனால்தான் அந்த விரலுக்குப் பேர் எழுதுவது. 7490, 7493 இரண்டும் துரோகிகள்: 5-இல் ஐந்து வோல்ட், 10-இல் தரை. அவற்றைவிட மோசம் 4116 ராம். அதில் 16-வது கால்தான் தரை, 9 ஐந்து வோல்ட், 8 பன்னிரண்டு, 1 மைனஸ் ஐந்து. 16 கால்தானே என்று பழக்க தோஷத்தில் குறித்தால் தலைகீழ் சப்ளைதான்.

இந்தப் போர்டிலும் 4116 இருக்கிறது. ஆக மைனஸ் ஐந்தும் வேண்டும்.

மேல்பக்க விரல்களுக்கு எண், அடிப்பக்கத்துக்கு ஆங்கில எழுத்து. அந்த எழுத்துகளை எண்ணும்போது ஜி, ஐ, ஓ, க்யூ நான்கும் கிடையாது. எஃப்புக்கு அடுத்தது எச். ஜி-யைச் சேர்த்து எண்ணினால் அதற்கப்புறம் எல்லாமே ஒரு விரல் தள்ளிப்போகும்.

ஜூன் 11

ஐந்து வோல்ட் விரலுக்கும் தரைக்கும் இடையே ஓம் பார்த்தோம். 2 ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட். சப்ளையைத் தொடவே கூடாது. இதில் ஷார்ட் இல்லை.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்தான் சப்ளை. பச்சை வயரைக் கருப்போடு சேர்த்தால் ஓடும். ஐந்து வோல்ட்டில் 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் 1 ஆம்பியர் சுமை. சுமை இல்லாமல் சில எஸ்எம்பிஎஸ்ஸில் வோல்ட் நிலையாக நிற்காது. புதுசுகளில் மைனஸ் ஐந்து வருவதில்லை. மைனஸ் 12-இலிருந்து 7905 வழியாக எடுக்க வேண்டும். 7805-இல் (பிளஸ் ஐந்து ரெகுலேட்டர்) கை பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். 7905-இல் முதல் கால் தரை, நடுக்கால் உள்ளே, மூன்றாவது வெளியே. முதுகுத் தகடும் தரை இல்லை, மைனஸ் 12-ஓடு சேர்ந்தது. பெட்டியில் நேராகத் திருகினால் ஷார்ட். மைக்கா வாஷர் வைக்க வேண்டும். உள்ளே 2.2, வெளியே 1 மைக்ரோஃபேரட் டான்டலம், இரண்டுக்கும் பிளஸ் முனை தரைப்பக்கம்.

ஜூன் 12

வயரிங் முடிந்தது. எஸ்எம்பிஎஸ் முனையில் 5.02, ஸெட்80-இன் 11-வது காலில் 4.71. திரை முழுக்கக் குப்பை, அடிக்கடி ரீசெட். சவம், ராமைக் கழற்றவே போய்விட்டோம்.

கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது. பழைய ஹார்னஸில் (பெட்டியின் வயர்க் கட்டு) இருப்பது 0.75 சதுர மில்லிமீட்டர் ஒற்றை வயர், போக 1 மீட்டர், வர 1 மீட்டர். மீட்டருக்கு ஏறக்குறைய 24 மில்லி ஓம். 5 ஆம்பியர் போனால் வயரிலேயே கால் வோல்ட் போச்சு. மிச்சத்தைக் கனெக்டர் முனைகள் தின்றன. டிடிஎல் ஐசிக்கு (74 வரிசை இந்த ரகம்தான்) 4.75-க்குக் கீழே உத்தரவாதம் இல்லை.

ஜாமா ஐந்து வோல்ட்டுக்கு 3, 4, சி, டி என்று நான்கு விரல் கொடுத்திருப்பது சும்மா இல்லை. நான்கிலும் தனித்தனி வயர் இழுத்தோம். தரைக்கு 1, 2, ஏ, பி, 27, 28, இ, எஃப் எட்டும். (இந்தக் கடைசி இரண்டும் சின்ன எழுத்து.) நீளத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்ததும் ஐசியில் 4.96. குப்பை போயிற்று.

ஜூன் 13

7/எச்-இல் சாவித்தகடு வைத்தாயிற்று. அது இல்லாமல் ஜாமாவைத் திருப்பிச் செருகினால் 6-உம் எஃப்-உம் 23-க்கும் சின்ன எழுத்து ஏ-க்கும் எதிரே வரும். பன்னிரண்டு வோல்ட் நேரே இரண்டு ஆட்டக்காரரின் இரண்டாம் பட்டனில் இறங்கும். உள்ளே பட்டன் சிக்னலை வாங்கும் பஃபர் ஐசி புகைந்துவிடும்.

ஜூன் 15

பட்டன் தேடல். இன்புட் எல்லாம் சும்மா இருக்கையில் 5 வோல்ட். தரையோடு சேர்த்தால் அமுக்கியதாகக் கணக்கு. தெரியாத விரலை வெறும் வயரால் தரையில் தொடக் கூடாது, அது சப்ளையாக இருக்கலாம். இடையே 1 கிலோ ஓம் வைத்துத் தொட்டால் எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. போர்டின் புல்-அப்பும் (இன்புட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) 1 கிலோ ஓம்தான். பாதிப் பாதியாகி 2.5 வோல்ட்டில் நின்றுவிட்டது. டிடிஎல்லுக்கு 0.8-க்குக் கீழே இறங்க வேண்டும். 100 ஓம் மாற்றியதும் 0.45. நாணயம், ஸ்டார்ட், நான்கு திசை, எல்லாம் ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது.

ஜூன் 18

படம் உருண்டுகொண்டே இருக்கிறது. ஜாமா எதிர்பார்ப்பது பி (P, தரைக்கான B இல்லை) விரலில் ஒரே ஒரு கலப்பு சிங்க், அதாவது படத்தை இடத்தில் நிறுத்தும் துடிப்பு. இந்தப் போர்டு படுக்கை, செங்குத்து இரண்டையும் தனித்தனியாகத் தருகிறது. ஆஸிலாஸ்கோப் இல்லாவிட்டாலும் திசை தெரியும். மல்டிமீட்டரில் டிசி பார்த்தால், 3 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது கீழ்நோக்கிய சிங்க், அரை வோல்ட்டுக்குக் கீழ் என்றால் மேல்நோக்கியது. இங்கே இரண்டும் கீழ்நோக்கி.

74எல்எஸ்86-இல் 1-க்கும் 2-க்கும் இரண்டு சிங்க். 3-ஐ 4-ஓடு சேர்த்து, 5-ஐ ஐந்து வோல்ட்டில் கட்டி, 6-இலிருந்து ஜாமாவுக்கு. 9, 10, 12, 13 தரைக்கு. 7, 14 சப்ளை, குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட். இரண்டும் ஒரே திசையில் இருக்கும்வரை மேலோ கீழோ இந்தச் சுற்றுக்குக் கவலையில்லை. ஒரு ஆண்ட் கேட் போதும் என்பார்கள். அதில் செங்குத்துத் துடிப்பின்போது படுக்கைத் துடிப்பு மறைந்து படத்தின் தலை வளையும்.

நிறம் சரியாக வந்தது. டாங்கி காங் போர்டாக இருந்தால் வராது, அதில் வீடியோவே தலைகீழ். மூன்று நிறத்துக்கும் இன்வெர்ட்டர் வேண்டும். பாக்-மேன் போர்டு இன்னொரு தினுசு: டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஏசி வாங்கித் தானே டிசி ஆக்கிக்கொள்ளும். இந்த அடாப்டரை அதற்கு மாட்டக் கூடாது.

ஜூன் 20

ஸ்பீக்கர். மைனஸ் விரலைத் தரையோடு சேர்த்துவிடலாம் என்று தோன்றும். முதலில் பீப் பார்க்க வேண்டும். தரையோடு பீப் வராவிட்டால் அது பிரிட்ஜ் ஆம்ப். இரண்டு முனையும் உயிர்முனை, தரையில் தொட்டால் ஆம்ப் ஐசி செத்தது. இதில் பீப் வரவில்லை. ஜாமாவின் ஸ்பீக்கர் விரல்களான 10, எல் இரண்டுக்கும் தனி வயர், வேறெதோடும் சேர்க்காமல்.

ஜூன் 21

எட்டு மணி நேரம் ஓட விட்டாயிற்று. 7905 கை வைக்கிற சூடுதான். கனெக்டர் முதுகில் "44, இந்தப் போர்டு மட்டும்" என்று எழுதி ஒட்டியாயிற்று. ராம் ஒன்று சந்தேகம். எழுத்துகளில் ஒரு கோடு விடுபடுகிறது. அது போர்டின் வியாதி, அடாப்டருடையது இல்லை.