வட்டத்தைத் திருத்தப் போனேன்

நான் எடுத்த புகைப்படங்களை நண்பர்களின் பார்வைக்கு வைக்கலாம் என்று முடிவானதும், படங்களைத் தேர்ந்தெடுத்ததைவிடச் சுவரொட்டிக்கு எழுத்துரு தேடியதிலேயே எனக்கு அதிக நேரம் போயிற்று. முனைகளில் குட்டிக் கால்கள் இல்லாத, வட்டத்தையும் சதுரத்தையும் முக்கோணத்தையும் கொண்டே கட்டியதுபோல் தோன்றுகிற ஜியோமெட்ரிக் சான்ஸ் செரிஃப் ஒன்றை, அதிலும் ஆகத் தடித்த போல்ட் வடிவத்தைப் பிடித்துக்கொண்டேன். தலைப்பு ‘ஃபோட்டோ’, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஐந்தே எழுத்து, அவற்றில் இரண்டு ‘ஓ’.

திரையில் பெரிதாக்கியபோதுதான் சந்தேகம் வந்தது. சுத்தமான வட்டம் ஒன்றை வரைந்து ‘ஓ’வின் மேல் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அதன் உச்சி பக்கத்து ‘எச்’சைவிட மயிரிழை மேலேறியும், அடி அதேபோல் கோட்டுக்குக் கீழே இறங்கியும் இருந்தன. பக்கவாட்டில் இருந்த பருமன் மேலும் கீழும் இல்லை. ‘டி’யின் படுக்கைக் கோடுகூட நிற்கும் கோட்டைவிட மெலிந்திருந்தது. ஜியோமெட்ரி என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படியா ஏமாற்றுவது என்று கொதித்துப்போய், இரண்டு ‘ஓ’க்களையும் தூக்கிவிட்டு, ‘எச்’சின் உயரத்துக்கு இம்மியும் பிசகாத இரண்டு வட்டங்களைச் சுற்றிலும் ஒரே தடிமனில் போட்டு, ‘டி’யின் தலையையும் தடிக்கவைத்துவிட்டுத்தான் அன்று தூங்கினேன்.

அச்சாகி வந்த சுவரொட்டியைப் பார்த்ததும் மகள் கேட்டாள்: “அப்பா, இந்த ‘ஓ’ ரெண்டும் ஏன் உட்கார்ந்துட்ட மாதிரி இருக்கு?”

உண்மைதான். ‘எச்’ நெஞ்சை நிமிர்த்தி நிற்க, ‘ஓ’க்கள் மேலே யாரோ ஏறி அமர்ந்ததுபோல் நசுங்கித் தெரிந்தன, ‘டி’ தன் தலைச்சுமையைத் தாங்க மாட்டாமல் நின்றது. பிறகுதான் படித்தேன். வளைவு, எல்லைக் கோட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுவதால், சம உயரத்தில் வரைந்தாலும் கண்ணுக்குக் குள்ளமாகத் தோன்றுமாம். சம தடிமனில் போட்டாலும் படுக்கைக் கோடே பருத்துத் தெரியுமாம். மெல்லிய எழுத்தில் ஓரளவு மறைந்துவிடும் இந்தக் கோளாறு, போல்டில் அப்பட்டமாகிவிடுகிறது. 1927-இல் வெளிவந்த ஃபியூச்சரா என்ற ஜியோமெட்ரிக் எழுத்துருவை உருவாக்கிய ஜெர்மானியர் பவுல் ரென்னர், வடிவியலில் தொடங்கினாலும் கடைசி வடிவத்தில் கண்ணுக்கு ஏற்ற திருத்தங்களைச் செய்தே எழுத்துகளை முடித்தார். 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த தகட்டில் இருப்பதும் அந்த ஃபியூச்சராதான். நிலவுவரை போய் நிற்கும் ஓர் எழுத்துருவின் குடும்பத்துக்கு நான் ஓர் இரவில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டிருக்கிறேன்.

மறுபடி அச்சிட நேரமில்லாததால் அதையே மாட்டினோம். வந்திருந்த நண்பர் ஒருவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “‘ஓ’ ரெண்டையும் கேமரா லென்ஸ் மாதிரி வெச்சிருக்கீங்க, நல்ல யோசனை சார்!” என்றார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் அவரிடம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.