எம்எஃப்இ அட்மிஷன்: அந்த 5 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது

அமெரிக்காவில் ஃபைனான்ஷியல் இன்ஜினியரிங் முதுகலைக்கு (எம்எஃப்இ) விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் தேடுவது அக்செப்டன்ஸ் ரேட், அதாவது விண்ணப்பித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு ஆஃபர் கிடைக்கிறது என்பது. நியூயார்க்கின் பரூக் கல்லூரியும் பிரின்ஸ்டனும் 10 சதவீதத்துக்குக் கீழே. பெரிய வகுப்புகள் நடத்தும் இடங்களில் அது 20-ஐத் தாண்டும். இதை எக்செலில் ஏற்றி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் அடித்து, எங்கே கிடைக்கும் எங்கே கிடைக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் நிறம் அடிக்கக் கை வராது.

இடங்கள், விண்ணப்பங்கள், யீல்டு ஆகிய மூன்றும் சேர்ந்து தருவதுதான் அது. யீல்டு என்பது ஆஃபர் பெற்றவர்களில் உண்மையில் வந்து சேர்கிறவர்களின் விகிதம். ஒரு கணக்கு போடுவோம்: 30 இடம், 1000 விண்ணப்பம், யீல்டு 60 சதவீதம். இடங்களை நிரப்ப 50 ஆஃபர் போதும். அக்செப்டன்ஸ் ரேட் 5 சதவீதம். யீல்டு 30 ஆக இறங்கினால் அதே 30 இடத்துக்கு 100 ஆஃபர் வேண்டும். ரேட் 10 ஆகிவிடும். வந்து உட்காரும் மாணவர்கள் கிட்டத்தட்ட அதே தரம்தான். ஒரே ஆள் எட்டுப் பத்து இடங்களுக்கு விண்ணப்பிக்கும் துறை இது. கெட்டிக்கார மாணவர் ஒருவர் நான்கு ஆஃபர் வாங்கி ஒன்றில் சேர்ந்தால், மற்ற மூன்று இடங்களும் அவருக்காக வேறொருவரைத் தேட வேண்டும். அதேபோல், விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தாலோ, ஜிஆர்இ நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை என்று அறிவித்தாலோ விண்ணப்பங்கள் குவியும், ரேட் விழும். கூடுதலாக வந்தவர்களில் பலருக்கு வாய்ப்பே கிடையாது என்பதால் உங்கள் நிலைமை அப்படியேதான் இருக்கும்.

ஜிஆர்இயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குவான்ட், அதாவது கணக்குப் பகுதியின் உச்ச மதிப்பெண் 170. நல்ல புரோகிராம்களில் சேர்கிறவர்களின் சராசரி அதை ஒட்டியே நிற்கிறது. 170 வாங்கினால் யாரையும் முந்தமாட்டீர்கள், 163 வாங்கினால் பின்தங்குவீர்கள்.

உண்மையான வடிகட்டல் வேலைவாய்ப்பிலிருந்து தொடங்குகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதே வகைப் படிப்பான எம்எஸ்சிஎஃப் 16 மாதம். பரூக்கில் மூன்று செமஸ்டர். இரண்டும் ஆகஸ்ட் வாக்கில் தொடங்குகின்றன. அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் நேர்காணல்களோ செப்டம்பர், அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும். முதல் செமஸ்டர் பாடம் பாதிகூட நடந்திருக்காது. ஆகவே அட்மிஷன் குழு தேடுவது, வகுப்பு தொடங்கும் முன்பே டிரேடிங் நிறுவனத்தின் முதல் நேர்காணல் சுற்றைத் தாண்டக்கூடிய ஆளை. பட்டம் முடித்து மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை என்பதை இவர்கள் வெளியிட வேண்டியிருக்கிறது. வேலை கிடைக்காத ஒருவர் சின்ன வகுப்பில் பளிச்சென்று தெரிவார். பெர்க்லியின் ஓராண்டுப் படிப்பு மார்ச்சில் தொடங்கி, இன்டர்ன்ஷிப்பை அக்டோபருக்குத் தள்ளியிருப்பதால் அங்கே மூச்சுவிட ஓரளவு இடம் உண்டு.

நேர்காணலில் கேட்பதும் அந்த வகைதான். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால், அடுத்தடுத்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை முறை ஆகும்? 6. தலைக்கு அடுத்து பூ விழ? 4. விடையைவிடக் காரணம் முக்கியம்: முதல் கேள்வியில் ஒரு தலைக்குப் பின் பூ விழுந்தால் ஆரம்பத்துக்கே திரும்ப வேண்டும், இரண்டாவதில் தலைக்குப் பின் தலை விழுந்தாலும் இருந்த இடத்திலேயே நிற்கலாம். இன்னொன்று: ஏ, பி, சி என்று மூன்று பங்குகள்; ஏ-பி கோரிலேஷன் 0.8, பி-சி 0.8 என்றால் ஏ-சி எவ்வளவு தூரம் இறங்கலாம்? 0.28 வரை. கோரிலேஷன் மேட்ரிக்ஸின் டிட்டர்மினன்ட் நெகட்டிவ் ஆகக் கூடாது என்ற இடத்திலிருந்து தொடங்கினால் இரண்டு வரியில் வந்துவிடும். ரெஸ்யூமேயில் சி பிளஸ் பிளஸ் என்று எழுதியிருந்தால் விர்ச்சுவல் டிஸ்ட்ரக்டர் எதற்கு என்று கேட்பார்கள். தெரியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுவது நல்லது.

விண்ணப்பங்களை அதிகம் கெடுப்பது எல்எஸ்டிஎம் என்ற நியூரல் நெட்வொர்க்கை வைத்துப் பங்கு விலையைக் கணித்த புராஜெக்ட். ஆர்-ஸ்கொயர் (கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். 'நாளைய விலை இன்றைய விலையேதான்' என்று சொல்லும் ஒற்றை வரி நிரலுக்கும் ஏறத்தாழ அதே எண் வரும், ஏனென்றால் கணித்தது விலையை, ரிட்டர்னை (விலை எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதை) அல்ல. இது போதாதென்று, மொத்த டேட்டாவின் அதிகபட்சம், குறைந்தபட்சத்தை வைத்து ஸ்கேல் செய்துவிட்டுப் பிறகு டிரெயின், டெஸ்ட் என்று பிரித்திருப்பார்கள். எதிர்காலம் மாடலுக்குள் கசிந்துவிடுகிறது. படிக்கிறவருக்கு ஒரு பார்வையில் தெரியும். இதற்குப் பதில், ஐரோப்பிய ஆப்ஷனை (முடிவு நாளில் மட்டும் பயன்படுத்தக்கூடிய ஒப்பந்தம்) மான்டே கார்லோவில், அதாவது விலை போகக்கூடிய பாதைகளை ரேண்டமாக உருவாக்கி, விலை கணித்து, பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தின் விடையோடு ஒப்பிட்டு, பாதைகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாவதைக் காட்டுங்கள். எளிமையான புராஜெக்ட்தான், ஆனால் ஓட்டை கிடையாது. எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லலாம்.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. மார்க் ஷீட்டில் 'இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ் 2' என்று மட்டும் இருந்தால், அதற்குள் வெக்டர் கால்குலஸும் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸும் லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்மும் இருப்பது நியூயார்க்கில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? லீனியர் அல்ஜீப்ரா, பிராபபிலிட்டி, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் மூன்றும் எந்தத் தாளில், எந்த யூனிட்டில் வந்தன, பாடநூல் எது, மதிப்பெண் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். பிராபபிலிட்டியில் குறைந்த கிரேடு இருந்தால் சிஜிபிஏ 9 அதை மறைக்காது. பரூக் நடத்தும் பிரீ-எம்எஃப்இ செமினார் மாதிரி ஒன்றில் நல்ல மதிப்பெண் வாங்கிக் காட்டுவது ஓரளவு ஈடுகட்டும்.

கடைசியாக, பணம். நிதியுதவி ஆஃபர்களுக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. எம்எஃப்இயில் பெரும்பாலும் நிதியுதவியே கிடையாது, அதனால் அந்தத் தேதி இங்கே உதவாது. விண்ணப்பத்தின் முதல் சுற்றில் இடம் கொடுத்தவர்கள், திருப்பித் தராத டெபாசிட்டை மற்ற முடிவுகள் வரும் முன்பே கேட்பார்கள். எந்தச் சுற்றில் எதற்கு விண்ணப்பிப்பது என்பதைத் தீர்மானிக்கும்போது, டெபாசிட் தேதியையும் மற்ற இடங்களின் முடிவுத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் விருப்பமான இடத்துக்கு முதல் சுற்றிலும், முதல் விருப்பத்துக்கு மூன்றாம் சுற்றிலும் விண்ணப்பித்தால் அந்த டெபாசிட் போனதுதான்.