வலேட்டாவில் திருமுழுக்கு யோவானின் முன்

மால்டாவின் தலைநகர் வலேட்டாவில் உள்ள புனித யோவான் இணைப்பேராலயம் வெளியே பார்க்கக் கோட்டை மாதிரி வெறும் கல். 1570-களில் யோவான் சபை வீரத்துறவிகள் கட்டியது. உள்ளே சுவரெங்கும் தங்கப் பூச்சு, தரையெங்கும் அந்த வீரர்களின் வண்ணப் பளிங்குக் கல்லறைகள். அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை. பக்கத்திலுள்ள செபக்கூடத்தில் ஒரு படத்தின் முன் செபிக்கத்தான் வந்திருந்தேன்.

மன்னன் ஏரோது தன் பிறந்தநாள் விருந்தில் ஆடிய சிறுமிக்குக் கொடுத்த வாக்குக்காக யோவானின் தலையை வெட்டச் சொன்னதை மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். அதைத்தான் இத்தாலிய ஓவியர் காரவாஜோ 1608-இல் 5 மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் வரைந்து வைத்திருக்கிறார். இடம் சிறை முற்றம். யோவான் தரையில் குப்புறக் கிடக்கிறார். வாள் வீசியாகிவிட்டது, ஆனால் தலை முழுதாகத் துண்டாகவில்லை. கொலையாளி அவருடைய முடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் முதுகுப்புறம் செருகியிருக்கும் குத்துவாளை எடுக்கிறான். சாவிக்கொத்தோடு நிற்கும் காவலாளி தலையை எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டுகிறான். ஒரு பெண் குனிந்து தட்டை நீட்டுகிறாள். எல்லாருக்கும் வேலையை முடிக்கிற கவனம்தான். ஒரே ஒரு கிழவி மட்டும் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

வெளிச்சம் விழுவது இந்தச் சின்னக் கூட்டத்தின் மேல் மட்டும்தான். யோவானின் தோள், அவர்மேல் கிடக்கும் சிவப்புத் துணி, கொலையாளியின் வெற்று முதுகு, கிழவியின் முகம். படத்தில் பாதிக்கு மேல் இருண்ட சுவர். வலப்பக்கக் கம்பி ஜன்னலில் இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

வானதூதர் இல்லை. ரோமில் இதே ஓவியர் வரைந்த புனித மத்தேயுவின் மறைச்சாட்சியத்தில், அதாவது விசுவாசத்துக்காக அவர் உயிர்விடும் படத்தில், மேகத்திலிருந்து ஒரு வானதூதர் குருத்தோலையை நீட்டுவார். இங்கே மேலே சுவர்தான். எனக்கு முதலில் இது தாங்க முடியாததாக இருந்தது. கடவுளுக்காகப் பாலைவனத்தில் கூவியவருக்கு வானம் ஒரு கீற்றுகூடத் திறக்கவில்லையே!

அப்புறம் மத்தேயு 11-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சிறையிலிருந்த யோவான், வரவிருப்பவராகிய மெசியா நீர்தானா என்று கேட்டு இயேசுவிடம் தம் சீடர்களை அனுப்பினார். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், இறந்தோர் உயிர்பெறுகிறார்கள் என்று பதில் வந்தது. சிறைப்பட்டோருக்கு விடுதலை என்ற இறைவாக்கினர் எசாயாவின் சொல் மட்டும் அந்தப் பதிலில் இல்லை. சிறையில் அதைக் கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தக் கைதிகளின் ஜன்னலைப் பார்த்தபடி இதைத்தான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோவான் ஒளி அல்ல, ஒளிக்குச் சான்று பகர வந்தவர் என்கிறது நற்செய்தி. இயேசுவோ அவரை எரிந்து சுடர்விடும் விளக்கு என்றார். படத்தில் யோவான் உடம்பிலிருந்து எந்த ஒளிவட்டமும் புறப்படவில்லை. எங்கிருந்தோ வரும் வெளிச்சம், மண்ணில் அழுந்திக் கிடக்கும் அவரைத் தேடி வந்து தொடுகிறது. அவரைக் காப்பாற்றவில்லைதான். ஆனால் அவரை இருட்டில் விடவுமில்லை. பதில் வராத சில செபங்கள் எனக்கும் உண்டு. அவற்றை அங்கே வைத்தேன், அந்தக் கிழவியோடு சேர்ந்து அழுதேன்.

யோவான் சபையின் இளம் துறவிகள் இந்தப் படத்தின் முன்தான் கூடினார்கள். விசுவாசத்துக்காக இப்படியும் சாக நேரலாம் என்று தெரிந்துகொண்டே வாக்குறுதி கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்.

யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே காரவாஜோ தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாக நாம் அறிந்த ஒரே படம் இது. 1606-இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடியவர். 1608 ஜூலையில் சபை அவரை வீரராகச் சேர்த்துக்கொண்டது. ஒரு சண்டையில் சிக்கிச் சிறையிலிருந்து தப்பியதால் அதே ஆண்டு டிசம்பரில், இதே செபக்கூடத்தில் கூடி அவரை நீக்கியது. 1610-இல் இறந்துபோனார். கொலை செய்த ஒருவர் மறைச்சாட்சியின் இரத்தத்தில் பெயர் எழுதியதை என்னால் பெருமையாகப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக்கான மன்றாட்டாகவே பார்க்கிறேன். சிறையில் இருப்பவர்களுக்காகச் செபித்தபோது அவர் பெயரையும் சேர்த்து, இறந்தோருக்கான நித்திய இளைப்பாற்றி செபத்தைச் சொன்னேன்.