ஒரு லிட்டர் தண்ணீர்

கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று வரும் தாய்மாரிடம் உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். தூள் பொட்டலங்கள் இரண்டையும் துத்தநாக மாத்திரைகளையும் கொடுத்து, "ஒரு லிட்டர் தண்ணியில கலக்கிக் கொடுங்க" என்று சொல்லிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டால் என் கடமை முடிந்தது என்றே நம்பியிருந்தேன்.

ஒருமுறை, முந்தைய நாள் அப்படி அனுப்பிய பதினொரு மாதக் குழந்தைக்குப் பேதி நிற்கவில்லை என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். தாய் விடியற்காலையிலேயே களையெடுக்கப் போய்விட்டதால் குழந்தை பாட்டியின் மடியில் கிடந்தது. பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மீதியை மடித்து அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தியிருந்தார் பாட்டி. "கெட்டியா இருந்தாத்தான நர்ஸம்மா புள்ளைக்குத் தெம்பு வரும்?" என்று கேட்டார். கஞ்சிக்கும் பாலுக்கும் பொருந்துகிற கணக்கை இதற்கும் பொருத்திவிட்டார்; அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் படியும் செம்பும் டம்ளரும் இருந்தன, லிட்டர் இல்லை. எதில் அளப்பீர்கள் என்று நான் கேட்டிருக்கவே இல்லை.

உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்திருந்தால்தான் குடல் அவற்றோடு நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். செறிவு மிகுந்தால் உடலின் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் பேதி கூடும், இரத்தத்தில் உப்பும் ஏறும். குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டபோது மடிப்பு மெதுவாகவே மறைந்தது. இரண்டும் உடலில் நீர் வற்றியதன் அடையாளங்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். குழந்தை பிழைத்துக்கொண்டது.

1971-இல், வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே உறவினர்கள் கொடுக்க மட்டும் செய்தார்கள். நிறுத்து அளந்து கலக்கும் வேலையை மருத்துவக் குழு செய்தது. நாமோ அளக்கும் பொறுப்பையும் சேர்த்துப் பொட்டலத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அதன் பிறகு என் பையில் ஒரு லிட்டர் பாட்டிலும் நகப்பூச்சும் எப்போதும் இருக்கின்றன. அந்தந்த வீட்டுப் பாத்திரத்தில் பாட்டிலை ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டுவிட்டு, முழுப் பொட்டலத்தையும் என் கண்முன்னே கலக்கச் சொல்வேன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பது, தாய்ப்பாலை நிறுத்தாமல் இருப்பது, 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிடுவது ஆகியவற்றை அந்த நேரத்திலேயே சொல்லிவிடுவேன். பல் முளைப்பதால்தான் பேதி, தானாக நின்றுவிடும் என்று நம்பிக் காத்திருக்கும் வீடுகளில் இன்னும் சற்று நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

துத்தநாக மாத்திரை விஷயத்தில் இன்னும் நான் வெல்லவில்லை. 14 நாள் கொடுக்க வேண்டியதை, மூன்றாம் நாள் பேதி நின்றதும் பல வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். நலமாக விளையாடும் குழந்தைக்கு மருந்து எதற்கு என்று கேட்கும் தாயிடம், அடுத்த சில மாதங்களில் பேதி திரும்பாமல் காப்பதற்கு என்று விளக்குவது எளிதாக இல்லை. இப்போது 14-ஆம் நாள் மறுபடியும் போய், காலி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன்.